மண்ணின் மக்களுக்கு முதல் மரியாதை (ஆஸ்திரேலியா)

பொது நிகழ்ச்சி தொடங்குமுன், அது நடக்கும் நிலத்தின் பூர்வகுடிகளை நினைவுகூர்ந்து மதிக்கும் வழக்கம். சிட்னி நகர மையம் என்றால் காடிகல் மக்கள், கான்பெரா என்றால் நுன்னவால் மக்கள் எனக் குடியின் பெயரைச் சொல்வார்கள். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பாதி மரியாதை போயிற்று. இதை எவரும் சொல்லலாம். ஆனால் ‘வருக’ என்று வரவேற்கும் உரிமை அந்த மண்ணின் குடியினருக்கே உண்டு; வீட்டுக்காரர்தானே விருந்தாளியை அழைக்க வேண்டும்!

1976இல் பெர்த் நகரில், முறையான வரவேற்பின்றி ஆடமாட்டோம் என்று மாவோரி, குக் தீவுக் கலைஞர்கள் மறுத்தபோது பூர்வகுடிக் கலைஞர்களான ரிச்சர்ட் வாலியும் எர்னி டிங்கோவும் நடத்திய வரவேற்பு, இந்த வரவேற்புச் சடங்கின் இக்கால வடிவத்துக்கு ஒரு முன்னோடி. 2008 பிப்ரவரி 12 அன்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தொடக்கத்தில் முதன்முதலாக வரவேற்பளித்தவர் பூர்வகுடி மூதாட்டி மட்டில்டா ஹவுஸ். ஆனால் இவையெல்லாம் வெறும் வாய்ச்சடங்கு என்ற குறையும் உண்டு.