ஆள் படி

பெரியப்பாவின் ஓய்வூதிய ஆணையை நான் முழுதாகப் படித்தது அவர் இறந்த பத்தாம் நாள். 2019. பு.முட்லூர் பக்கத்து ஊர், ஓட்டு வீட்டுத் திண்ணை. டிரங்குப் பெட்டியிலிருந்து அலகாபாத் தாள்களை எடுத்துக் கையில் கொடுத்த பெரியம்மா, "தமிழ்ல டாக்டர் பட்டம் வாங்குன பொண்ணு, இங்கிலீசும் படிப்பல்ல? இதுல நான் எங்க இருக்கேன்னு பாரு" என்றார்.

இருந்தார். குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதியுள்ளவர் என்ற இடத்தில், மனைவியாக. வேறொரு வரியில் 'கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்' என்று ஒன்று இருந்தது. எப்போதும் உடனிருந்து கவனிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறவருக்கு அரசு தரும் படி. எங்கள் வீட்டில் அதன் பெயர் 'ஆள் படி'. அந்த ஆள் யார் என்று தாளில் எங்கும் இல்லை.

1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர் பெரியப்பா. கண்ணிவெடியில் முதுகுத்தண்டு போயிற்று. மறுவருடம் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத உடம்பாக வீடு வந்தபோது பெரியம்மாவுக்கு வயது இருபத்தாறு. அன்றிலிருந்து 31 வருடம், இரவில் இரண்டு மணிக்கொரு முறை டைம்பீஸ் அடிக்கும். எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். சிறுநீர்க்குழாய் மாற்றுவது, வயிற்றைக் கழுவுவது, சக்கர நாற்காலிக்குத் தூக்குவது எல்லாம் தனி. முதுகில் ஒரு புண்கூட இல்லாமல்தான் பெரியப்பா போனார். மருத்துவம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

காயம்பட்ட வீரனுக்குப் பணம் தருவது நம் பகுதிக்குப் புதிதல்ல. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கிறதே புனித டேவிட் கோட்டை, அதற்கு 1756இல் பொறுப்பேற்று வந்தவர் ராபர்ட் கிளைவ். பிறகு மீர் ஜாபர் தனக்கு விட்டுப்போன ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு 1770இல் ஒரு நிதியை ஏற்படுத்தினார். கம்பெனியின் ஊனமுற்ற ஐரோப்பியப் படையினருக்கும் அவர்களின் விதவைகளுக்கும் அது உதவியது. வங்காளத்துப் பணம் என்பதைச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறேன். உடனிருக்கும் ஆளுக்கென்று தனிப் படி வந்தது பிரிட்டிஷ் ஓய்வூதிய விதிகள் வழியாக. முதல் உலகப்போரிலிருந்து கைகால் இழந்து திரும்பியவர்கள் அத்தனை பேர். இன்று இந்தியப் படையில் நடப்பில் உள்ளதும் அந்த ஏற்பாட்டின் வாரிசுதான்.

விதி இது: ஊனம் பணியால் நேர்ந்ததாக, 100 சதவீதமாக இருக்க வேண்டும். உடனிருக்க ஆள் தேவை என்று மருத்துவ வாரியம் பரிந்துரைக்க வேண்டும். பதவி எதுவானாலும் ஒரே தொகை. சிப்பாயின் புண்ணும் அதிகாரியின் புண்ணும் ஒன்று என்று ஒத்துக்கொண்ட விதத்தில் நல்ல விதி. 1996 முதல் மாதம் 600 ரூபாய், 2006 முதல் 3,000, 2017 ஜூலை முதல் 6,750. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இது 25 சதவீதம் ஏறும்.

கணக்கு எனக்கு வராது, ஆனாலும் போட்டுப் பார்த்தேன். 6,750 என்றால் நாளைக்கு 225 ரூபாய். 2017-18இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 205. அந்த வேலைக்காவது விடிவதும் பொழுது சாய்வதும் உண்டு. ஆள் படியின் நாளுக்கு 24 மணி நேரம், மணிக்கு ஒன்பது ரூபாய் சொச்சம். அதுவும் பெரியப்பாவின் வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது.

இன்னொரு விதி: அரசு மருத்துவமனையிலோ அரசு விடுதியிலோ உள்நோயாளியாக இருக்கும் காலத்துக்கு இந்தப் படி கிடையாது. அங்கே கவனிக்க ஆள் இருக்கிறார்கள் என்பது தர்க்கம். சிறுநீரகத் தொற்றோடு பெரியப்பா மருத்துவமனையில் கிடந்த வாரங்களில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தது யார் என்று தர்க்கம் கேட்கவில்லை.

புறநானூற்றின் 281ஆம் பாட்டை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்டுக் கிடப்பவனின் மனைவி பேசுகிறாள். இரவ இலையும் வேப்பிலையும் வீட்டில் செருக வேண்டும், யாழ் ஒலிக்க வேண்டும், வெண்கடுகு தூவ வேண்டும், மணியடித்துக் காஞ்சி பாட வேண்டும், நறும்புகை எழுப்ப வேண்டும். பேய் அண்டாமல் புண்ணைக் காக்கும் ராக்காவல். தொல்காப்பியம் இதற்குத் தொடாக்காஞ்சி என்று பெயரே வைத்திருக்கிறது. மாணவிகளுக்கு மனைவியின் அன்பு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா இறந்த வருடம் நடத்தும்போதுதான் ஒன்று தட்டியது: அவள் பேசுவது தன் தோழியிடம். காக்கலாம் வா என்று கூப்பிடுகிறாள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தப் பெண்கூட இதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியும் என்று நினைக்கவில்லை. அவளுக்கும் சில இரவுகள்தான் காவல். முப்பது வருடக் காவலுக்குத் துறை வகுக்கப்படவில்லை.

கனடாவில் 1981இலிருந்து நடக்கும் முன்னாள் படைவீரர் திட்டம் ஒன்றில் வீடு கூட்டவும் துணி துவைக்கவும் வாசலில் பனி தள்ளவும் ஆகும் செலவை அரசு தருகிறது. வீரர் இறந்த பிறகும், அவரைப் பார்த்துக்கொண்ட துணைக்கு அந்த வீட்டுவேலை உதவி தொடர வழியுண்டு. ஆஸ்திரேலியாவில் 2001இல் தொடங்கிய திட்டத்தில் போர்விதவைகளும் சேர்க்கப்பட்டார்கள். அந்த வீடுகளைக் கூட்ட வருவதும் பெரும்பாலும் குறைந்த கூலிப் பெண்கள்தான், அதை மறக்கவில்லை. ஆனாலும் தூக்கியவளுக்கும் முதுகு தேயும் என்று ஒரு விதிப்புத்தகம் ஒத்துக்கொண்டிருக்கிறது.

நம் விதியில் ஆள் படி அவரோடு போயிற்று. குடும்ப ஓய்வூதியம் வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ பெண்களுக்கு அதுவும் இல்லை. பெரியம்மாவுக்கு இப்போது இடுப்பு எலும்பு தேய்ந்து குனிய முடிவதில்லை. "எனக்கு ஒரு ஆள் போடணும்னா அதுக்குப் படி உண்டா?" என்று ஒருமுறை கேட்டார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் பெயரில் வாங்கிய சொத்தில் வீட்டுவேலை செய்த மனைவியின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது, அவளுக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னபோது செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். "சொத்து இருந்தா பங்கு கேக்கலாம். எங்களுக்கு என்ன இருந்தது, அந்தச் சக்கர நாற்காலிதான்" என்றார்.

சென்ற வருடம் ஒரு மனு கொடுக்கச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் போனோம். பு.முட்லூரில் ஏறியவரை ஆலப்பாக்கம் தாண்டும்வரை நிற்க வைத்தது கூட்டம். அலுவலகத்தில் படிவத்தை நான் நிரப்பினேன். பெயர், வயது, கணவரின் படை எண். பிறகு 'இதற்கு முன் பார்த்த வேலை' என்று ஒரு கட்டம். பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

"ஆள்னு எழுது" என்றார்.

எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் அதை அடித்துவிட்டு 'இல்லத்தரசி' என்று போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.