தீரர் சத்தியமூர்த்தி

எஸ். சத்தியமூர்த்தி (1887–1943) வழக்கறிஞர், காங்கிரஸ் தலைவர், சென்னை மேயர். புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தார். வக்கீலாக இருந்த தந்தை சுந்தர சாஸ்திரி, மகன் சிறுவனாக இருந்தபோதே காலமானார். புதுக்கோட்டையிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்துச் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்ற சத்தியமூர்த்தி, எஸ். சீனிவாச ஐயங்காரிடம் ஜூனியராக இருந்தார். சுகுண விலாச சபையின் நாடகங்களிலும் நடித்தவர். கோர்ட்டும் மேடையும் தீட்டிய அந்த நாக்கு அரசியலுக்குப் போனதும் வக்கீல் தொழில் பின்னுக்குப் போயிற்று.

காங்கிரஸ் சட்டசபைகளைப் புறக்கணிப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. உள்ளே போய்க் கேள்வி கேட்டே ஆட்சியைத் திணற அடிக்க வேண்டும் என்று நினைத்தவர், 1923இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னை மாகாண சட்டசபைக்குள் நுழைந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னெடுத்த தேவதாசி முறை ஒழிப்பை எதிர்த்தும் அங்கே வாதாடினார். அது அவர் பொதுவாழ்வின் பெரும் பிழை. தேசபக்தியைக் காட்டி அதை மறைக்க முடியாது.

1934இல் ஆற்காடு ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து மத்திய சட்டசபைக்குச் சென்றார். 1936இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானதும் காமராசரைச் செயலாளராக்கினார். நான்கே ஆண்டில் காமராசர் தலைவர். சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளர். குருவுக்கு அதில் மனக்குறை இருக்கவில்லை. 1937இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் அவருக்கு இடம் தரப்படவில்லை. மாகாண அரசியலுக்கு அது இழப்பு.

மாகாண ஆட்சி பயன்படுத்தாத அவருடைய திறமை சென்னை நகரத்துக்குப் பயன்பட்டது. 1939இல் அவர் மேயரானபோது போர் தொடங்கியிருந்தது. சென்னை செங்குன்றம் ஏரியை நம்பித் தவித்துக்கொண்டிருந்தது. கொசஸ்தலை ஆற்றின் வெள்ளத்தைப் பூண்டியில் தேக்கும் திட்டத்துக்குப் போர்க்காலத்திலும் ஆங்கில அரசின் ஒப்புதலைப் பெற்றார். மேயர் பதவிக்காலம் ஓராண்டுதான். அதற்குள், 1940இல், ஆளுநர் ஆர்தர் ஹோப்பை அழைத்து அடிக்கல் நாட்ட வைத்தார். எதிர்த்துப் பேசிப் புகழ்பெற்றவர், ஆட்சியாளரிடம் காரியம் சாதிக்கவும் தெரிந்தவர் என்பதற்கு அந்த அணையே சாட்சி.

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது முதுகுத்தண்டில் அடிபட்டது. அதிலிருந்து அவர் மீளவில்லை. 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர்.