வலிப்பும் பேதியுப்பும் கொட்டியாரக் குடாவும்

திருகோணமலை மாவட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை உடனே புலப்படும். துறைமுக நகரம் வடகரையில், மூதூர் தென்கரையில், நடுவே கொட்டியாரக் குடா. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் 2009இல் திறக்கப்படும்வரை, 'பாதை' என்று நம்மவர் அழைக்கும் மிதவையை நம்பியே மக்கள் நீரைக் கடந்தனர். பெரியாஸ்பத்திரியோ நகரில் இருக்கிறது. எனவே, இம்மாவட்டத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலிப்புக் கண்டால், எழும் கேள்விகள் இரண்டு: எந்த மருந்து? அது எந்தக் கரையில் கிடைக்கும்?

பத்திரிகைத் தொழிலில் இருந்த ஆண்டுகளில், 'பிரசவத்தில் தாய் மரணம்' என்ற இரண்டு வரிச் செய்திகள் பல என் மேசைக்கு வந்ததுண்டு. அவ்விரு வரிகளுக்குள் அடங்காத ஒரு வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

கர்ப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பின்னர் சில பெண்களுக்கு இரத்த அழுத்தம் உயர்கிறது. சிறுநீரில் புரதம் கழிகிறது. கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியன எச்சரிக்கைகள். முற்றினால் வலிப்பு வரும். பிரசவத்தின் பின்னரும் அது வரலாம். சன்னி என்றும் பேய்க்கோளாறு என்றும் நம் முன்னோர் கருதிய மரணங்களுள் இதுவும் கலந்திருந்திருக்கும்.

இந்நோயின் சிகிச்சை வரலாற்றில் தமிழருக்கு அணுக்கமான இரு அத்தியாயங்கள் உள்ளன. முதலாவது சென்னையைச் சேர்ந்தது. அங்கு பணியாற்றிய மகப்பேற்று நிபுணர் எம்.கே. கிருஷ்ண மேனன், பெதிடின், குளோர்புரோமசின், புரோமெதசின் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பற்றி 1961இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அக்கலவை தென்னாசிய மருத்துவமனைகளில் நெடுங்காலம் பயன்பட்டது. இரண்டாவது சிங்கப்பூரைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் மருத்துவம் பயின்று, பின்னர் 1983இல் சிங்கப்பூரின் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தையைத் தந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் எஸ்.எஸ். இரத்தினம், லீன், சிவசம்பு ஆகியோருடன் இணைந்து, வலிப்புக்கு டயசிபாம் வகை மருந்துகளைக் கையாள்வது பற்றி 1968இல் எழுதினார். அதன் பின்னர் டயசிபாம் பல நாடுகளில் வழக்கமான மருந்தாயிற்று.

இவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அன்று இருந்த ஆய்வுமுறையே குறையுடையது. புதிய மருந்து வந்தபின் மரணங்கள் குறைந்தன என்று கணக்குப் பார்த்தார்கள். அதே ஆண்டுகளில் இரத்தமேற்றுதல், நுண்ணுயிர்கொல்லி மருந்துகள், பாதுகாப்பான சத்திரசிகிச்சை ஆகியனவும் வளர்ந்தன. மரணம் குறைந்த பெருமை எதற்குரியது என்று எப்படிப் பிரித்தறிவது?

மறுபுறம், அமெரிக்காவில் டலஸ் நகரின் பிரிச்சார்ட் 1950களிலிருந்து மக்னீசியம் சல்பேற்றைக் கொடுத்துவந்தார். பேதிக்கு நம் வீடுகளில் கரைத்துக் குடிக்கும் எப்சம் உப்பின் இரசாயனமே அது. மருந்தாக ஊசிமூலம் ஏற்றப்படுவது. பேதியுப்பு மூளையின் வலிப்பை எப்படி நிறுத்தும் என்று ஐரோப்பிய மருத்துவர் பலர் ஐயுற்றனர். ஒவ்வொரு தரப்பும் தன் அனுபவத்தையே சான்றாகக் காட்டியது.

வழக்கைத் தீர்த்துவைத்தது 1995இல் 'லான்செற்' இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு. இந்தியா உட்பட வளர்முக நாடுகள் பலவற்றில் வலிப்புக் கண்ட 1,687 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எம்மருந்து என்பது குலுக்கல்போல் தற்செயலாகவே தீர்மானிக்கப்பட்டது. டயசிபாம் பெற்றவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு வலிப்பு மீண்டும் வந்தது. அவர்களோடு ஒப்பிடப்பட்ட மக்னீசியக் குழுவில் 13 பேருக்கே வந்தது. பெனிடோயினுடன் நடந்த ஒப்பீட்டில் அது 17க்கு எதிராக 6. சென்னைக் கலவையோடு ஒப்பிட்ட மூன்று ஆய்வுகளில் 397 பெண்கள் பங்குபற்றினர். அவற்றிலும் மக்னீசியம் பெற்றவர்களிடையே மரணங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. 2002இல் வெளியான 'மக்பை' ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம், வலிப்பு வருமுன்னரே இதைக் கொடுத்தால் வலிப்பின் ஆபத்து பாதிக்கும் மேல் குறையும் எனக் காட்டியது.

விலை மலிவான மருந்து. எனினும் விளையாட்டான மருந்தன்று. அளவு மீறினால் மூச்சு அடங்கும். முழங்கால் அனிச்சைத் துடிப்பு, சுவாசம், சிறுநீர் ஆகிய மூன்றையும் கவனித்தபடியே கொடுக்கவேண்டும். முறிமருந்தாகக் கல்சியம் குளுக்கோனேற்று பக்கத்தில் இருக்கவேண்டும். முடிவான சிகிச்சை பிரசவமே.

நம் மாவட்டத்துக்கு இவ்வரலாறு சொல்லும் பாடம் இங்கேதான் இருக்கிறது. முழுச் சிகிச்சைக்கு வசதியில்லாத இடத்தில், முதல் அளவு மக்னீசியத்தை அங்கேயே ஏற்றிவிட்டு, தாயை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது, ஊசி பயணத்துக்கு முன்னரே போடப்படவேண்டும். அதற்கும் முன்னதாக, வீடு தேடிவரும் குடும்பநல மாது இரத்த அழுத்தத்தை அளக்க, தலைவலியைத் தாய் மறைக்காமல் சொல்ல, வீட்டிலுள்ளோர் அதைச் சாதாரணமாக எண்ணாதிருக்க வேண்டும்.

தம் பெயர் எங்கும் பதிவாகாத அந்த 1,687 பெண்கள், பெரும் பேராசிரியர்களிடையே நிலவிய ஒரு வழக்கைத் தீர்த்துவைத்தார்கள். தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கிண்ணியாவுக்குப் பாலமும் வந்துவிட்டது. இனி ஒரு தாய் இந்த வலிப்பால் இறந்தால், மருந்து அறியாத காலம் என்று எவரும் சொல்லித் தப்ப முடியாது.