கவர்னர்களின் கடிதக்கட்டில் நம் கதை

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் ஆர்மேனியன் ஸ்திரீட்டைத் தாண்டி கூ கொங்சி பக்கம் நடந்தால் லெபோ கேனன் என்ற சிறிய வீதி வரும். கேனன் என்றால் பீரங்கி. 1867ஆம் ஆண்டுக் கலவரத்தில் சுடப்பட்ட பீரங்கியால்தான் இந்தப் பெயர் வந்தது என்பது ஊர் வழக்கு. சுற்றுப்பயணிகள் அங்கே நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால், அந்தப் பீரங்கி ஏன் வெடித்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்ற கதை முழுவதும் சுவரில் எழுதப்பட்டிருக்கவில்லை. அது கவர்னர்கள் எழுதிய கடிதங்களில் இருக்கிறது.

கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் கடிதமல்ல. பினாங்கின் துணை கவர்னர் சிங்கப்பூரிலிருந்த கவர்னருக்கு எழுதினார். அந்தக் கவர்னர் லண்டனிலிருந்த காலனி அமைச்சுக்கு எழுதினார். மலாய் அரசர்களும் சீனத் தலைவர்களும் அனுப்பிய கடிதங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு இணைப்பாகச் சேர்ந்து போயின. இப்படிப் போன தாள்கள் இன்று சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும், லண்டன் கியூ காப்பகத்தில் சி.ஓ. 273 என்ற வரிசையிலும் பத்திரமாக உள்ளன. ஒரு போர் எப்படி மூண்டது, யார் அதை முடித்தார்கள், முடிந்தபின் இந்த நாட்டை யாரைக்கொண்டு எழுப்பினார்கள் என்பதற்கெல்லாம் அவைதான் சாட்சி.

பினாங்குத் தீவு எரிந்த பத்து நாள்

1867 ஏப்ரல் 1ஆம் தேதிதான் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கையிலிருந்து நேரடியாக லண்டனுக்கு மாறின. சர் ஹேரி ஓர்ட் முதல் கவர்னர். பினாங்கில் துணை கவர்னராக இருந்தவர் கர்னல் ஆன்சன். புதிய ஆட்சிக்கு அப்போதுதான் நான்கு மாதம் நிறைவடைந்திருந்தது. ஆகஸ்டில் ஜோர்ஜ்டவுன் போர்க்களமானது.

ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீன இரகசிய சங்கமும் வெள்ளைக் கொடிக் கூட்டமும். மறுபக்கம் துவா பெக் கொங் சங்கமும் சிவப்புக் கொடிக் கூட்டமும். இந்தக் கொடிக் கூட்டங்களில் இருந்தவர்கள் யார்? மலாய்க்காரர்களோடு தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆகவே அதைச் சீனர் சண்டை என்று சொல்லி ஒதுங்கிவிட நமக்கு வழியில்லை. ஏறக்குறைய பத்து நாள் நடந்த கலவரத்துக்குப் பிறகு விசாரணைக் குழு அமைந்தது. நான்கு கூட்டத்துக்கும் தலா 5,000 டாலர் அபராதம். அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் போலீஸ் நிலையங்கள் கட்டப்பட்டன.

ஆனால், தீவில் அணைந்த நெருப்பு எதிர்க்கரையில் அணையவில்லை. கடலைத் தாண்டினால் பேராக்கின் லாருட். அங்கே ஈயம் இருந்தது.

லாருட்டில் ஈயம், பினாங்கில் பணம்

லாருட்டில் முதல் சண்டை மூண்டது 1861இல். உலக வரலாறு படித்தவர்களுக்கு இந்த ஆண்டு சட்டென்று நினைவுக்கு வரும். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அதே 1861இல்தான். அங்கே பருத்தியும் அடிமை முறையும். இங்கே ஈயமும் சுரங்கத்துக்கு வரும் தண்ணீரும். அளவில் மலையும் மடுவும்தான். என்றாலும் ஒரே மண்ணில் வாழ்பவர்கள் இரண்டாகப் பிரிந்து வெட்டிக்கொண்ட கதை இரண்டிலும் ஒன்று.

லாருட்டை ஆண்டவர் ஙா இப்ராஹிம். சுரங்கங்களில் ஹாய் சான் கூட்டமும் கீ ஹின் கூட்டமும் மோதின. தோற்று ஓடிய கீ ஹின்னில் பலர் பினாங்கைச் சேர்ந்த பிரிட்டிஷ் பிரஜைகள். உடனே அன்றைய கவர்னர் கேவனா தலையிட்டார். 1862இல் லாருட் ஆற்று வாயை அடைத்து, 17,447 டாலர் நஷ்டஈடு கேட்டார். ஙா இப்ராஹிம் கட்டினார். அதற்குப் பரிசாக பேராக் சுல்தானிடமிருந்து மந்திரி பட்டமும் பெற்றார். 1865இல் இரண்டாவது சண்டை. 1872இல் மூன்றாவது. இதுதான் மிகக் கொடூரமானது.

இதற்கிடையே 1871இல் சுல்தான் அலி காலமானார். பட்டத்துக்கு உரிமையுள்ள ராஜா அப்துல்லாவை விட்டுவிட்டு ராஜா இஸ்மாயிலைச் சுல்தான் ஆக்கினார்கள். அவ்வளவுதான். சுரங்கச் சண்டையும் சிம்மாசனச் சண்டையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. கீ ஹின் அப்துல்லா பக்கம் சாய்ந்தது. ஙா இப்ராஹிம் எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் மாறிப் பார்த்து, கடைசியில் ஹாய் சானோடு நின்றார். பினாங்குப் போலீஸ் தலைவராக இருந்த கேப்டன் ஸ்பீடி வேலையை விட்டுவிட்டு, இந்தியாவுக்குப் போய்ச் சீக்கியர்களையும் பட்டாணியர்களையும் திரட்டி வந்து அவருக்குப் படை அமைத்துக் கொடுத்தார்.

சண்டை லாருட்டில் என்றாலும் அதற்குப் பணம், ஆயுதம், ஆள் மூன்றும் போனது பினாங்கிலிருந்துதான். காயம்பட்டு ஓடிவந்தவர்கள் கரையேறியதும் பினாங்கில்தான். 1873 ஆகஸ்டில் ஆன்சன் எதிரெதிர்த் தரப்புகளைப் பினாங்கில் உட்காரவைத்து ஒரு போர் நிறுத்தம் பேசினார். அது நிலைக்கவில்லை. அடுத்த மாதமே கவர்னர் ஓர்ட், ஙா இப்ராஹிமை லாருட்டின் தனி ஆட்சியாளராக அங்கீகரித்தார். பினாங்கில் ஒரு பேச்சு, சிங்கப்பூரில் ஒரு பேச்சு. கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இந்தக் குழப்பம் பளிச்சென்று தெரியும்.

ஒரு கடிதம், ஒரு சிம்மாசனம்

1873 செப்டம்பர் 20ஆம் தேதி, லண்டனில் காலனி அமைச்சர் கிம்பர்லி பிரபு புதிய கவர்னர் சர் ஆண்ட்ரூ கிளார்க்குக்கு ஓர் உத்தரவு எழுதினார். மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரை அமர்த்துவது நல்லதா என்று ஆராய்ந்து அறிக்கை அனுப்பும்படி அதில் கேட்டிருந்தார். கேட்டது அறிக்கைதான். நடவடிக்கை அல்ல.

டிசம்பர் 30ஆம் தேதி ராஜா அப்துல்லாவின் கடிதம் வந்தது. நல்லாட்சி நடத்த வழிகாட்ட ஓர் அதிகாரியை அனுப்புங்கள், தம்மைச் சுல்தானாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். இந்தக் கடிதத்தின் பின்னால் சிங்கப்பூர் வியாபாரி ரீட் இருந்தார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. யார் தூண்டியிருந்தாலும், கிளார்க் காத்திருந்த கதவு திறந்துவிட்டது.

1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் தீவுக்கு அருகே 'புளூட்டோ' கப்பலில் உடன்படிக்கை கையெழுத்தானது. அப்துல்லா சுல்தான் ஆனார். வராமல் இருந்த இஸ்மாயிலுக்கு ஓய்வூதியம் என்று எழுதினார்கள். இனி சண்டை போட்டால் 50,000 டாலர் என்று சீனத் தலைவர்கள் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். லண்டனுக்கு விவரமான கடிதம் போனது அதற்குப் பிறகு. எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யச் சொன்னால், செய்துவிட்டு எழுதினார் கிளார்க். கப்பலில் போகும் தபால் லண்டன் சேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும் காலம் அது. அந்தத் தாமதமே கவர்னருக்கு ஓர் அதிகாரமாக இருந்தது.

உடன்படிக்கையின் ஆறாவது பிரிவுதான் முக்கியம். மதமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்றது ஆங்கிலப் பிரதி. மலாய்ப் பிரதி அதே அழுத்தத்தோடு பேசவில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒருவர் கட்டளை என்று படித்தார். மற்றவர் கலந்து பேசுவது என்று படித்தார். முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டதற்கு வரிவசூல், கடன் அடிமை முறை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றின் அடியில் இந்தச் சொல் தகராறும் கிடக்கிறது.

1877இல் சுல்தான் அப்துல்லாவையும் ஙா இப்ராஹிமையும் செய்செல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அதற்கு ஆதாரமாகத் திரட்டப்பட்டவை வாக்குமூலங்களும் கடிதங்களும். ஒரு கடிதம் அவரைச் சிம்மாசனத்தில் ஏற்றியது. வேறு கடிதங்கள் இறக்கின. தூக்கிலிடப்பட்ட மகாராஜா லேலாவின் உயிர் பிரிந்த நாள் 1877 ஜனவரி 20. பங்கோரில் கையெழுத்திட்டு அன்றோடு சரியாக மூன்று ஆண்டு.

அமைதிக்குப் பெயர் தைப்பிங்

போருக்குப் பிறகு மறுசீரமைப்பு. டன்லப், சுவெட்டன்ஹாம், பிக்கரிங் ஆகியோர் சமாதானக் குழுவாக லாருட்டுக்குள் சென்றார்கள். கோட்டை அரண்களை இடித்தார்கள். சுரங்கங்களைப் பங்கிட்டார்கள். கமுந்திங் கீ ஹின்னுக்கு, கிளியான் பாவ் ஹாய் சானுக்கு. சண்டையின்போது தூக்கிச் செல்லப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் தேடி மீட்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. கிளியான் பாவ் பிறகு தைப்பிங் ஆனது. சீனத்தில் நிலையான அமைதி என்று பொருள். ஹாய் சான் தலைவர் சுங் கெங் குவீ பெரும் செல்வரானார். பினாங்கு சர்ச் ஸ்திரீட்டில் இன்று பெரனாக்கான் மாளிகை என்று நாம் பார்க்கும் பச்சை நிற மாளிகை அவர் கட்டியது. ஒரு காலத்தில் எதிரிகளான கீ ஹின்னின் தலைமையகம் இருந்த அதே இடத்தில்!

வெற்றி பெற்றவருக்கு மாளிகை இருக்கிறது. தோற்றவருக்கு உடன்படிக்கையில் ஒரு பிரிவு இருக்கிறது. தமிழருக்கு என்ன இருக்கிறது?

இணைப்பிலும் இல்லாதவர்கள்

ஆன்சனின் மேசையில் லாருட் கடிதங்கள் குவிந்த அதே ஆண்டுகளில் இன்னொரு கட்டும் இருந்தது. அது செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களின் தமிழ்க் கூலிகளைப் பற்றியது. 1867 ஆட்சி மாற்றத்தால் இந்தியச் சட்டத்தின் கண்ணில் பினாங்கு அன்னிய நாடாகிவிட்டது. 1870இல் சென்னை மாகாண அதிகாரிகள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேற வந்த தொழிலாளர்களைத் தடுத்தார்கள். தோட்ட முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். பினாங்கு, சிங்கப்பூர், சென்னை, கல்கத்தா, லண்டன் என்று கடிதங்கள் பறந்தன. 1872இல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது.

அந்தக் கடிதங்களில் முதலாளி பேசுகிறார். அதிகாரி பேசுகிறார். கப்பலேறக் காத்து நின்ற தஞ்சாவூர்க்காரர் பேசவில்லை. அவர் 'இத்தனை பேர்' என்ற எண்ணிக்கையில் அடங்கிவிட்டார்.

லாருட் அமைதியான பிறகு 1885இல் நாட்டின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. தண்டவாளம் போட இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர்கள் தருவிக்கப்பட்டார்கள். துறைமுகத்துக்குப் பெயர் கொடுத்தவர் கவர்னர் பிரெடரிக் வெல்ட். அதே வெல்ட் 1887இல் லண்டனுக்கு எழுதினார்: இங்கே சீனர் எண்ணிக்கை மிகுந்துவிட்டது, அரசியல் காரணத்துக்காக இந்தியர் முதலான பிறரை வரவழைத்து அதைச் சமன் செய்ய வேண்டும் என்று. லாருட்டும் பினாங்கும் கற்றுக்கொடுத்த பயம் அந்தக் கடிதத்தில் தெரிகிறது. நம் முன்னோர் பஞ்சத்தாலும் வறுமையாலும் கப்பலேறினார்கள். அவர்கள் இறங்கிய கரையில் ஒரு கவர்னர் அவர்களைத் தராசில் வைக்கும் எடைக்கல்லாகக் கணக்குப் போட்டிருந்தார். அவர்களுக்கு அது தெரியாது.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் கெந்தக்கி, மிசிசிப்பி போன்ற மாநிலங்களின் உள்நாட்டுப் போர்க்கால கவர்னர் கடிதங்களைக் கணினியில் ஏற்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அவற்றில் கவர்னர் எழுதியதைவிட, கவர்னருக்கு மற்றவர்கள் எழுதியதுதான் மனத்தைத் தொடும். கணவனை இழந்தவள், சிறையிலிருந்தவன், விடுதலை பெற்ற அடிமை என்று எத்தனையோ குரல்கள். எழுதத் தெரிந்தவனைத் தேடிப் பிடித்து மனு எழுதியவர்களும் உண்டு. எழுதியதால் அவர்கள் இன்று இருக்கிறார்கள்.

நம் மக்கள் எழுதவில்லையா? எழுதியிருப்பார்கள். கோவில் கணக்குப் புத்தகத்தில், தோட்டத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில், ஊருக்குப் போட்ட தபாலில். கவர்னரின் தாளைக் காக்க ஓர் அரசாங்கம் இருந்தது. தோட்டத்தை விற்றபோது லயத்துத் தாள்களைக் காக்க யார் இருந்தார்கள்? இது வெறும் ஏக்கப் பேச்சல்ல. பிறப்புப் பத்திரம் இல்லாமல், தாத்தா எந்த ஆண்டு வந்தார் என்று காட்ட வழியில்லாமல் நீல அடையாள அட்டைக்காக அலைந்த குடும்பங்களைக் கேட்டால் ஒரு தாளின் மதிப்பு என்னவென்று சொல்வார்கள்.

கோலாலம்பூரில் 1957இல் தொடங்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. வரலாறு படிக்கும் நம் பிள்ளைகள் அங்கே போய்க் கவர்னர்களின் கடிதங்களைக் கேட்டுப் படிக்கட்டும். படிக்கும்போது மூன்று கேள்வி கேட்கட்டும். இதில் பேசுபவர் யார்? இணைப்பில் இருப்பவர் யார்? வெறும் எண்ணிக்கையாக நிற்பவர் யார்?

வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிட எளிய வேலை ஒன்று உண்டு. பாட்டியின் டிரங்குப் பெட்டி இன்னும் இருந்தால், கறையான் திறப்பதற்குமுன் நீங்கள் திறந்து பாருங்கள்.