கையேந்தாத ஜார்ஜ் முல்லர்

விசுவாசமும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகுமா? 1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர் அதைச் செய்து பார்த்தவர். பணத்தேவையை மனிதரிடம் சொல்வதில்லை, ஜெபத்தில் மட்டுமே கேட்பது, கடன் வாங்குவதில்லை. இதுதான் அவருடைய தீர்மானம். 1838-ல் கையிருப்பு தீர்ந்துபோன நாட்களில் உடன் ஊழியர்களே தங்கள் கைக்காசைப் போட்டு இல்லத்தை நடத்தினார்கள்.

வரவு செலவு விவரங்களை மட்டும் அச்சிட்டு வெளியிட்டு வந்தார். அதுவே மறைமுகமாகக் கேட்பது ஆகாதா? 1841 இறுதியில் பணம் மிகவும் குறைந்திருந்தது. அறிக்கை வெளிவந்தால் உதவி வரும் என்று தெரிந்தே அதைத் தள்ளிப்போட்டார் முல்லர்!

1870-க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய இல்லங்கள் எழும்பின. 2,000-க்கும் அதிகமான பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. 1898-ல் அவர் இறந்தார். கொடுத்தவர்கள் எல்லோரும் மனிதர்கள்தான். ஆனால் அவர் நம்பியிருந்தது அவர்களை அல்ல.