கதிர்காமத்து ஆடி விழா

பல இனத்தவரும் பல சமயத்தவரும் வாழும் ஈழநாட்டில் விழாக்களுட் பல அவ்வச் சமயத்தார்க்கே உரியன. கதிர்காமத்து ஆடி விழாவோ அதற்குப் புறநடையாக விளங்குவது.

மாணிக்க கங்கைக் கரையிலமைந்த இத்தலம் அருணகிரிநாதராற் பாடப்பெற்றது. 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நூலும் இதனைக் குறிப்பிடுகின்றது. தமிழர் முருகனென வணங்கும் தெய்வத்தைச் சிங்களப் பௌத்தர் கதரகம தெய்யோ எனப் போற்றுவர். மூலத்தானத்தில் திருவுருவம் காணப்படுவதில்லை, திரையே காட்சியளிக்கும். வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை புரிபவர் சிங்களக் கப்புறாளையார். விழாக்கால இரவுகளில் திருப்பேழை யானைமீது வள்ளியம்மன் கோயிலுக்கு எழுந்தருளும். அவ்வள்ளியைத் தங்குல மகளெனக் கொள்வர் வேடர். அயலிலுள்ள முஸ்லிம் பள்ளிவாசலிலும் கொடியேறும். மாணிக்க கங்கைத் தீர்த்தத்துடன் விழா நிறைவுறும்.

இவ்விழாவில் ஒருவர் சமயம் மற்றொருவர் சமயத்துட் கரைந்துவிடவில்லை. ஒவ்வொருவரும் தம் பெயரையும் முறையையும் காத்துக்கொண்டே ஒரு வெளியிற் கூடுகின்றனர். இவ்விழாவின் வலிமை இதுவேயாம்.

எனினும், யாழ்ப்பாணத்து அடியார் கீழ்க்கரை வழியாகப் பொத்துவில், குமணைக் காடுகளைக் கடந்து செல்லும் தொன்மையான பாதயாத்திரையை 1983ஆம் ஆண்டின் இனக்கலவரமும், 2009வரை நீடித்த போரும் தடைப்படுத்தின. கோயிலிற் கொடியேறிய அக்காலத்தும் அடியார் வரும் வழி அச்சத்தால் அடைபட்டிருந்தது. விழா ஒன்றே இணக்கத்தை ஆக்கிவிடாது. அதற்குச் செல்லும் வழி அனைவர்க்கும் அச்சமின்றித் திறந்திருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.