பேப்பர் கிளிப்பும் பதினாறு துளைகளும்

1980-களில் அமெரிக்காவில் கார் என்ஜினின் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில் 12 துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருந்தது. கிளிப்பை வளைத்து ஏ, பி என்ற இரு துளைகளிலும் செருகிவிட்டு, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். உடனே ‘செக் என்ஜின்’ விளக்கு பேசத் தொடங்கும். ஒருமுறை மின்னி, சற்று நின்று, இருமுறை மின்னினால் 12. கம்ப்யூட்டர் விழிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். அதை மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் கோளாறுக்கு வரும். 13 என்றால் ஆக்சிஜன் சென்சார். 14 என்றால் கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சார். பென்சிலும் காகிதமும் கையில் இருந்தால் வீட்டு வாசலே பட்டறை.

கிரைஸ்லரில் கிளிப்கூட வேண்டாம். ஐந்து நொடிக்குள் சாவியை மாறி மாறித் திருப்பினால் விளக்கு எண்களை மின்னிக் காட்டும். ஃபோர்டில் வோல்ட்மீட்டர் முள் எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ண வேண்டும். ஆளுக்கொரு பாஷை! ஒரு கம்பெனியின் எண் இன்னொன்றில் செல்லாது.

கார்களுக்குள் கம்ப்யூட்டர் வந்ததற்குக் காரணம் லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டம். கார் புகை வெயிலோடு சேர்ந்துதான் கண்ணெரிச்சல் தரும் அந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்ஸ்மிட் காட்டினார். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு தவறக்கூடாது. கார்புரேட்டரால் மட்டும் அதைக் காக்க முடியவில்லை. சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்தன.

ஆனால் அவற்றில் ஒன்று கெட்டாலும் கார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். புகை மாறியது ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? காரே சொல்லியாக வேண்டும் என்றது கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம். 1991 மாடல் முதல் அங்கே அது கட்டாயம். 1996-இல் அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 என்ற பொதுத் தரநிலை வந்தது: எல்லா கார்களுக்கும் 16 துளை சாக்கெட், பொதுவான குறியீடுகள். பி0420 என்றால் எந்த கம்பெனி காராக இருந்தாலும் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருப்பதாகப் பொருள். காற்றுக்காகப் போட்ட சட்டம் கார் வைத்திருப்பவருக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. இது சின்ன விஷயமல்ல.

ஒரே ஒரு சிக்கல்: விளக்கை எண்ணும் காலம் முடிந்து, குறியீட்டைப் படிக்கக் கருவி தேவைப்பட்டது. அதன் விலையை இறக்கியதில் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்த இ.எல்.எம்.327 சிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கார்களின் வெவ்வேறு மின்மொழிகளைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதன் வேலை. அதன் நகல்களை வைத்துச் செய்த, தீப்பெட்டி அளவே உள்ள புளூடூத் கருவிகள் சந்தையில் குவிந்தன. செல்போன் திரையே ஸ்கேனர் ஆனது.

ஆனால் குறியீடு எங்கே தேடுவது என்றுதான் சொல்லும். பி0420 கண்டதும் பலர் விலையுயர்ந்த கன்வெர்ட்டரை மாற்றிவிடுகிறார்கள். சைலன்சர் குழாயில் சென்சாருக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டைகூட அதே குறியீட்டை எழுப்பும்.

இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். ஸ்டீயரிங்குக்குக் கீழே தடவினால் அதே 16 துளைகள் கைக்குத் தட்டுப்படும். 16-ஆம் துளையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும்; 4, 5 இரண்டும் எர்த். பழைய பேப்பர் கிளிப் வித்தையை இங்கே காட்டினால் ஃபியூஸ் போய்விடலாம்.